சித்தப்பாவின் எட்டுக் கிளாஸ் தேத்தண்ணி: குளிசை தரும் மந்தத்துக்கு எது சரிவரும்?

சித்தப்பா தேத்தண்ணி குடிப்பது தோட்டத்துப் பழைய முறையில்தான். சீனியைக் கிளாஸில் போட்டுக் கலக்க மாட்டார். உள்ளங்கையில் சீனியை வைத்து, நாக்கில் தொட்டுத் தொட்டு, கறுத்த சாயத்தை ஊதிக் குடிப்பார். போன மாதம் தலவாக்கலைக்கு மேலே இருக்கிற அவர் லயத்துக்குப் போயிருந்தபோது காலை ஒன்பது மணிக்குள் நாலு கிளாஸ் முடிந்திருந்தது. ஐந்தாவதைச் சித்தி கொண்டு வந்து வைக்கும்போது அவர் சொன்னார்: "புள்ள, இந்தக் குளிசை என்னையக் கட்டிப் போட்டிருது. தேத்தண்ணிதான் அவுத்து விடுது."

நான் ஹட்டன் பக்கம் ஒரு பார்மசியில் நிற்கிறவள். டாக்டர் இல்லை. ஆனால் இந்த ஒரு வாக்கியத்தையே வெவ்வேறு ஆட்கள் வாயால் வாரத்துக்கு நாலு தடவையாவது கேட்கிறேன். மன நோய்க்கு மருந்து எடுக்கிறவர்கள், அதுவும் டோபமைன் என்ற மூளை இரசாயனத்தின் வாங்கியை அடைக்கிற வகை மருந்து எடுக்கிறவர்கள், மந்தம் தாங்காமல் ஏதாவது ஒன்றைத் தேடிப் போகிறார்கள். தேத்தண்ணி, பீடி, வெற்றிலை, குளிசையை விட்டுவிடுவது. இப்போது டவுன் பக்கம் ஐஸ் என்கிற போதைப்பொருள். இதில் எது உண்மையில் வேலை செய்கிறது, எது செய்கிற மாதிரி நடிக்கிறது, எது ஆளைக் கவிழ்க்கிறது என்று சித்தப்பாவுக்காக உட்கார்ந்து யோசித்ததை எழுதுகிறேன்.

முதலில் வாங்கி. இந்தியாவில் ஏற்பி என்கிறார்கள், நமக்குப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் வாங்கி. கொழுந்து நிறுக்கிற இடத்தில் தராசில் ஒரு கொக்கி தொங்கும் இல்லையா, அதை நினைத்துக்கொள்ளுங்கள். கொழுந்துச் சாக்கைக் கொக்கியில் மாட்டினால் முள் நகரும். மூளையில் டோபமைன்தான் கொழுந்துச் சாக்கு. அது கொக்கியில் மாட்டினால் உள்ளே ஒரு கணக்கு ஏறும். ஹாலோபெரிடோல், ரிஸ்பெரிடோன், ஓலன்சபைன் மாதிரி மன நோய்க் குளிசைகள் எல்லாம் வெறும் சாக்குகள். கொக்கியை நிறைத்துக்கொண்டு தொங்கும், முள் நகராது. கொழுந்தோடு வருகிறவர் மாட்ட இடமில்லாமல் நிற்க வேண்டியதுதான். டோபமைன் பற்றிய இந்தக் கதையை 1950களின் கடைசியில் சுவீடனில் ஆர்விட் கார்ல்சன் தொடங்கி வைத்தார், 2000ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்பே, 1952இல், பாரிஸில் க்ளோர்ப்ரோமசைனை நோயாளிகளுக்குக் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். அது எதை அடைக்கிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. முதலில் வேலை செய்தது, விளக்கம் பிறகு வந்தது.

சரி, இதில் வேடிக்கை என்னவென்றால் தேத்தண்ணியும் ஒரு வெறும் சாக்குதான். அதில் இருக்கிற கஃபீன் மூளைக்கு எதையும் புதிதாகக் கொடுப்பதில்லை. நாள் முழுக்க விழித்திருக்க விழித்திருக்க அடினோசின் என்ற பொருள் மூளையில் சேர்கிறது. அது தன் கொக்கியில் மாட்டும்போதுதான் அசதியும் தூக்கமும் வருகின்றன. கஃபீன் அந்தக் கொக்கியில் போய்ச் சும்மா தொங்கும், அசதி பதிவாகாது. அசதி போய்விடவில்லை, நிறுக்கவில்லை, அவ்வளவுதான். கஃபீன் இறங்கியதும் சேர்ந்து கிடந்தது எல்லாம் ஒரே நேரத்தில் தராசுக்கு வரும்.

ஆக, சித்தப்பாவின் தலைக்குள் இரண்டு அடைப்பான்கள் வெவ்வேறு கொக்கிகளில். குளிசை ஒரு கொக்கியில், தேத்தண்ணி இன்னொன்றில். ஒன்று கட்டினதை மற்றது அவிழ்க்கும் என்று அவர் நம்புவது பாதி சரி, பாதி தப்பு. எந்தப் பாதி என்பது அவர் "மந்தம்" என்று எதைச் சொல்கிறார் என்பதைப் பொறுத்தது.

அவரிடம் அன்றைக்கு ஒரு மணி நேரம் பேச்சுக் கொடுத்ததில் எனக்குப் புரிந்தது, அவர் மூன்று வேறு சங்கதிகளை ஒரே பெயரில் கூப்பிடுகிறார். ஒன்று வெறும் தூக்கம்: பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலை வேலைக்குப் பெயர் கொடுக்கிற இடத்துக்கு, போகும் நேரத்தில் கண் திறக்க முடியவில்லை. இரண்டு, உடம்பு விறைப்பது: இது ஹாலோபெரிடோல் எடுத்த காலத்தில் கடுமையாக இருந்தது, கை வீசாமல் மரம் மாதிரி நடப்பார். ஓலன்சபைனுக்கு மாற்றிய பிறகு பெரும்பாலும் போய்விட்டது. மூன்றாவது எதிலும் மனம் போகாதது. முருகன் கோயில் தேருக்கு வாங்க என்றால் "நீங்க போய்ட்டு வாங்க" என்பார். முன்பு தேர் வடத்தில் முதல் ஆளாக நின்ற மனுசன். மூன்றுக்கும் காரணம் வேறு வேறு, அதனால் மருந்தும் வேறு வேறு. எல்லாவற்றுக்கும் தேத்தண்ணியே என்று போவது, நுவரெலியாவுக்கும் கண்டிக்கும் ஒரே பஸ்ஸில் ஏறுகிற மாதிரி.

தூக்கத்தை எடுத்துக்கொள்வோம். ஓலன்சபைன் டோபமைன் கொக்கியில் மட்டும் தொங்குவதில்லை, ஹிஸ்டமின் கொக்கியிலும் நன்றாகவே தொங்குகிறது. தடிமலுக்குப் பிரிட்டோன் (Piriton) குளிசை போட்டால் ஒரு தூக்கம் வருமே, அதே வழி. இதற்குத் தேத்தண்ணி ஓரளவு கை கொடுக்கும், ஏனென்றால் விழிப்பைக் கூட்டுவதுதான் கஃபீனின் வேலை. ஆனால் இதற்கு அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது, காசும் செலவில்லை. ஓலன்சபைன் குளிசை வாயில் போட்டு ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில் இரத்தத்தில் உச்சத்துக்கு வரும். சித்தப்பா இரவு பத்தரைக்குப் போடுகிறார். டீவி நாடகம் முடியட்டும் என்று காத்திருப்பாராம். கணக்குப் போட்டுப் பாருங்கள், உச்சம் விடியற்காலை நாலரைக்கு. ஐந்தரைக்கு எழும்ப வேண்டியவரை நாலரைக்கு அமுக்கினால் என்ன ஆகும்? ஏழு மணிக்குப் போட்டால் உச்சம் நள்ளிரவு ஒரு மணிக்கு வந்து போய்விடும். உடம்பை விட்டு முழுதாக இறங்க நாள் கணக்கில் ஆகும் மருந்துதான், ஆனாலும் உச்சம் எந்த மணிக்கு விழுகிறது என்பது காலை நிலவரத்தை மாற்றும். நேரம் மாற்றுவதைக்கூட டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்வது நல்லது.

இன்னொரு பக்கம் தேத்தண்ணியே தூக்கத்தைக் கெடுக்கிறது. கஃபீனில் பாதி இறங்க ஐந்து மணி நேரம் போல ஆகும், ஆளுக்கு ஆள் மாறும். அவருடைய கடைசிக் கிளாஸ் இரவு எட்டு மணிக்கு. நள்ளிரவு ஒரு மணிக்கும் அதில் பாதி ஓடிக்கொண்டிருக்கும். அரைகுறைத் தூக்கம், காலையில் மந்தம், மந்தத்துக்குத் தேத்தண்ணி. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை போட்ட நாளிலிருந்து இந்த மலையில் இந்தச் சக்கரம் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது, வெளியே விற்காத தூள்தான் நம் வீட்டுக்கு.

இரண்டாவது, விறைப்பு. இங்கே தேத்தண்ணியைப் பற்றி நான் நினைத்திருந்ததை மாற்றிக்கொள்ள வேண்டி வந்தது. மூளையில் உடம்பசைவைப் பார்த்துக்கொள்ளும் பகுதியில் அடினோசினின் ஒரு வகை வாங்கியும் டோபமைனின் ஒரு வகை வாங்கியும் ஒரே கலத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, ஒன்றை ஒன்று எதிர்த்து இழுக்கின்றன. ஹாலோபெரிடோல் கொடுத்து விறைத்துப்போன எலிகளுக்கு அந்த அடினோசின் வாங்கியை அடைத்தால் அவை கொஞ்சம் அசைகின்றன. இஸ்ட்ராடெஃபிலின் என்று ஒரு மருந்தே இந்த வழியில் பார்க்கின்சன் நோய்க்கு வந்திருக்கிறது, 2013இல் ஜப்பானிலும் 2019இல் அமெரிக்காவிலும் அனுமதித்தார்கள். ஆக, தேத்தண்ணிக்கு இதில் வேலையே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் எலிக்கு ஊசியால் ஏற்றுவதும் நம் கிளாஸும் ஒன்றில்லை. மருந்து விறைக்க வைத்தால் பார்க்க வேண்டியது மருந்தின் அளவைத்தான். டோபமைனின் இரண்டாம் வகைக் கொக்கிகளில் ஏறக்குறைய 65 வீதம் அடைபட்டாலே மருந்து வேலை செய்யத் தொடங்கும், 80 வீதத்தைத் தாண்டினால் விறைப்பும் நடுக்கமும் கூடும் என்று மூளைப் படங்கள் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அந்த இடைவெளி சின்னது. அளவைக் கொஞ்சம் இறக்கினாலே சிலருக்கு உடம்பு இளகும். இல்லையென்றால் பென்ஸ்ஹெக்சோல் கொடுப்பார்கள். அது இன்னொரு வாங்கியை, அசிட்டைல்கோலினுடையதை, அடைக்கிறது. வாய் காயும், மலம் இறுகும், வயதானவர்களுக்கு ஞாபகம் தடுமாறும்.

இங்கேதான் வெற்றிலை வருகிறது. பாக்கில் அரிகோலின் என்று ஒன்று இருக்கிறது, அது பென்ஸ்ஹெக்சோல் அடைக்கிற அதே கொக்கியில் நிறைசாக்காக மாட்டும். நேர் எதிர். குளிசைக்குப் பதிலாக மன நோய்க்கு மாத ஊசி போடுகிற ஆட்கள் பாக்கை அதிகமாக மென்று விறைப்பும் நடுக்கமும் கூடிப்போனதை மருத்துவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். வாய்ப் புற்றுநோய் தனி. வெற்றிலைக்கு என் கணக்கில் இடமே இல்லை, அடுத்ததுக்குப் போவோம்.

பீடி. இதை நம்மவர்கள் தப்பாகவே புரிந்து வைத்திருக்கிறார்கள். பீடி இழுத்தால் மந்தம் தெளிகிறது என்பது பொய்யில்லை. நிகோட்டின் டோபமைனைக் கொஞ்சம் கூடுதலாக வரவழைக்கும். ஆனால் அதைவிடப் பெரிய வேலை ஈரலில் நடக்கிறது. புகையில் இருக்கிற தார்ப் பொருட்கள், நிகோட்டின் இல்லை, புகைதான், ஈரலில் ஒரு நொதியத்தைத் தூண்டி விடுகின்றன. ஓலன்சபைனையும் க்ளோசபைன் என்ற இன்னொரு மன நோய் மருந்தையும் கரைக்கிறது அந்த நொதியம். அதாவது பீடி அடிக்கிறவர் உடம்பில் குளிசை வேகமாகக் கரைந்துபோகிறது, கொக்கிகள் சில காலியாகின்றன, மந்தம் குறைகிறது, கூடவே மருந்தின் பாதுகாப்பும் குறைகிறது. இது குளிசையைப் பாதியாக உடைத்துப் போடுவதுதான், சுற்று வழியில். புகையிலையை வெற்றிலையோடு மெல்லுகிறவருக்கு நிகோட்டின் கிடைக்கும், இந்த நொதிய மாற்றம் நடக்காது. ரிஸ்பெரிடோன் எடுப்பவர்களுக்கும் இந்தப் புகைச் சிக்கல் இல்லை, அது கரைகிற வழி வேறு.

இதன் மறுபக்கம் இன்னும் முக்கியம். நாளைக்கு நல்ல புத்தி வந்து பீடியை நிறுத்தினால், அல்லது வார்டில் படுத்து நிறுத்த வேண்டி வந்தால், ஒரு வாரத்துக்குள் மருந்து இரத்தத்தில் ஏறும். பழைய அளவே அதிகமாகிவிடும். எங்கள் கடைக்கு வருகிற ஓர் அக்காவின் அண்ணனுக்கு இதுதான் நடந்தது. க்ளோசபைன் எடுக்கிறவர், நெஞ்சு வலி என்று பயந்து ஒரே நாளில் சிகரெட்டை விட்டார், பத்து நாளில் எச்சில் வழிய வழிய படுக்கையிலேயே கிடந்தார். வீட்டில் எல்லோரும் நோய் திரும்பிவிட்டது என்று நினைத்தார்கள். சிகரெட்டை விட்டதை யாரும் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை. பீடியை விடத்தான் வேண்டும், டாக்டரிடம் சொல்லிவிட்டு விடுங்கள்.

அதே நொதியம்தான் கஃபீனையும் கரைக்கிறது என்பதால் க்ளோசபைன்காரர்களுக்குத் தேத்தண்ணியும் கணக்கில் வரும். ஒரே நொதியத்துக்கு இரண்டு பேர் வரிசையில் நின்றால் இருவருக்கும் தாமதம். சில பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வொன்றில் ஐந்து நாள் கஃபீனை நிறுத்தியதும் க்ளோசபைன் அளவு பாதிக்குப் பக்கத்தில் இறங்கியது. அப்படியானால் திடீரென்று கூட்டுவதும் திடீரென்று குறைப்பதும் இரண்டுமே தப்பு. மனநிலை ஏற்ற இறக்கத்துக்கு லிதியம் எடுப்பவர்களுக்கு இது தலைகீழ்: கஃபீன் லிதியத்தைச் சிறுநீரோடு தள்ளும், தேத்தண்ணியைச் சட்டென்று விட்டால் லிதியம் ஏறும். ஓலன்சபைனில் தேத்தண்ணியின் பாதிப்பு இந்த அளவுக்கு இல்லை. சித்தப்பாவுக்கு எட்டுக் கிளாஸில் எனக்குப் பயம் கஃபீன் இல்லை. ஒரு சாதாரணக் கப்பில் 40, 50 மில்லிகிராம் என்று வைத்தால் எட்டுக்கு 400 பக்கம் வரும். நல்ல உடம்புக்காரருக்கு ஒரு நாளைக்கு அதுவரை பரவாயில்லை என்கிறார்கள். பயம் அந்த உள்ளங்கைச் சீனிதான். அவர் கரண்டியை எண்ணினேன், கிளாஸுக்கு இரண்டு. எட்டுக்குப் பதினாறு கரண்டி, 60 கிராமுக்கு மேல். ஓலன்சபைன் பசியைக் கூட்டி எடை ஏற்றும், சர்க்கரை வியாதிக்கும் வழி விடும் மருந்து. அதற்கு மேல் இது.

இப்போது ஐஸ். மெத்தம்பெட்டமைன். சித்தப்பாவிடம் ஒரு பையன் சொன்னானாம், "மாமா, ஒரு இழுப்பு, குளிசை மந்தம் பறந்துரும்" என்று. அவர் சிரித்துக்கொண்டே சொன்னார், எனக்கு வயிற்றைக் கலக்கியது. இந்த ஒன்றைத்தான் நிதானமாக விளக்க வேண்டும்.

கஃபீன் போல இது வெறும் சாக்கு இல்லை. மூளைக் கலங்களுக்குள் சேர்த்து வைத்திருக்கும் டோபமைனை, உள்ளே இழுக்கிற வாசலையே திருப்பி வைத்து, மொத்தமாக வெளியே கொட்ட வைக்கிறது. நிறைசாக்குகள் நூறு பேர் தலையில் ஒரே நேரத்தில் தராசுக்கு ஓடி வருகின்றன. கொக்கியில் ஓலன்சபைனோ ஹாலோபெரிடோலோ தொங்கினால் என்ன நடக்கும்? எலிகளில் பதில் தெளிவு: ஐஸின் சொந்தக்காரப் பொருளான அம்பெட்டமைன் கொடுத்து ஓட்டம் பிடிக்கிற எலி, ஹாலோபெரிடோல் கொடுத்தால் நிற்கும். மன நோய்க்குப் புது மருந்து தேடுகிறவர்கள் பல வருடம் இதையே சோதனையாக வைத்திருந்தார்கள். மனிதர்களில் அவ்வளவு சுத்தமாக இல்லை. 1970களின் தொடக்கத்தில் சுவீடனில் பிமோசைட் என்ற அடைப்பானைக் கொடுத்து அம்பெட்டமைனின் போதை மழுங்குவதைப் பார்த்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் அந்த மழுங்கல் எல்லா நேரமும் வரவில்லை. தள்ளுமுள்ளு அதிகமானால் வெறும் சாக்கு கொக்கியை விட்டு விழும். அடைபடாத வேறு டோபமைன் கொக்கிகளும் இருக்கின்றன.

ஆனால் ஆபத்து போதையில் இல்லை. ஐஸ் டோபமைனோடு நொரட்ரினலினையும் கொட்டுகிறது. இதயத்தை அடிக்க வைப்பதும் பிரஷரை ஏற்றுவதும் அது. டோபமைன் கொக்கியில் தொங்குகிற குளிசை இதைத் தடுக்காது. அப்போது ஆளுக்கு என்ன தெரியும்? "ஒண்ணும் ஏறல" என்று தெரியும். இன்னொரு இழுப்பு இழுப்பான். தலைக்கு ஏறாதது நெஞ்சுக்கு ஏறிக்கொண்டிருக்கும். போதாததுக்கு உடம்புச் சூட்டை ஐஸ் ஏற்றும், அந்தச் சூட்டை இறக்குகிற ஏற்பாட்டை இந்தக் குளிசைகளே கொஞ்சம் குழப்பும். ஐஸ் தலைக்கேறித் துள்ளுகிற ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பொதுவாக முதலில் பதற்றத்தைத் தணிக்கிற டயசபாம் வகை மருந்தைத்தான் எடுப்பார்கள்.

குளிசையை விட்டுவிட்டு எடுத்தால்? அது இன்னும் மோசம். மாதக் கணக்கில், வருசக் கணக்கில் கொக்கியை அடைத்து வைத்தால் மூளை சும்மா இருக்காது. கொக்கிகளைக் கூட்டும், இருப்பவற்றைக் கூர்மையாக்கும். திடீரென்று வெறும் சாக்குகளை எல்லாம் எடுத்துவிட்டால் சாதாரண டோபமைனே பெரிதாகப் பதியும், அதில் ஐஸ் வேறு விழுந்தால் கேட்க வேண்டாம். குளிசையை நாலு நாள் விட்டால் மந்தம் போய்ச் சுறுசுறுப்பு வருகிறது என்று எல்லோரும் சொல்வதும் இதில் ஒரு பகுதிதான். முதல் வாரம் நன்றாகத்தான் இருக்கும். அதுதான் அதன் மோசடி.

மூன்றாவது மந்தம் மிச்சம். மனம் எதிலும் போகாதது. இதற்குத் தேத்தண்ணி ஒன்றும் செய்யாது, நான் பார்த்தவரை. டோபமைன் கொக்கி அடைபட்டதால் வருவதா, நோயே அப்படி ஆக்குவதா, உள்ளே ஒரு சோகம் கிடக்கிறதா என்று வெளியிலிருந்து பிரிக்க முடியாது. மருந்தால்தான் என்றால் இரண்டு வழி: அளவை மெல்ல இறக்குவது, அல்லது அரிபிப்ரசோல் மாதிரி ஒன்றுக்கு மாறுவது. அது வெறும் சாக்கும் இல்லை, நிறைசாக்கும் இல்லை, கால்வாசி கொழுந்து போட்ட சாக்கு. கொக்கியில் தொங்கும், முள்ளும் கொஞ்சம் நகர்ந்தே நிற்கும். தூக்கம் குறைவு, எடை ஏற்றமும் குறைவு. பதிலுக்குச் சிலருக்கு உட்கார முடியாத ஒரு பரபரப்பைக் கொடுக்கும், கால் ஆடிக்கொண்டே இருக்கும். மாற்றுகிற வாரங்களில் நோய் தலை தூக்கவும் கூடும். எட்டு வருடமாக இல்லாத குரல்கள் காதில் கேட்காமல் இருக்கிற மனுசனுக்கு அந்தச் சூதாட்டம் வேண்டுமா என்பதில் எனக்கும் சித்திக்கும் ஒத்துப்போகவில்லை. சித்தி வேண்டாம் என்கிறார். அந்த எட்டு வருடத்துக்கு முந்தின இரவுகளில் கூட இருந்தது அவர்தான், நான் இல்லை.

கிளினிக்கில் ஒரு ஆளுக்கு இரண்டு நிமிசம் கிடைத்தால் பெரிது. டாக்டர் "எப்படி இருக்கீங்க" என்பார், சித்தப்பா "நல்லாருக்கேன் ஐயா" என்பார், கொப்பியில் அதே மருந்து விழும். இந்தத் தடவை ஒரு துண்டில் நாலு வரி எழுதிக் கொடுத்து அனுப்பினேன்: காலை ஐந்தரைக்கு எழும்ப முடியவில்லை, குளிசை பத்தரைக்குப் போடுகிறார், பீடி நாளைக்கு ஆறு, தேத்தண்ணி எட்டு, சீனி பதினாறு கரண்டி, கோயிலுக்குக்கூட வருவதில்லை. டாக்டர் துண்டை வாங்கிப் படித்துவிட்டு நேரத்தை ஏழு மணிக்கு மாற்றினார், சீனிக்கு இரத்தம் பார்க்க எழுதினார், பீடியைக் குறைப்பதானால் சொல்லிவிட்டுச் செய்யச் சொன்னார். கடைசி வரிக்கு, அடுத்த மாதம் பேசுவோம் என்றாராம்.

மூன்று வாரம் ஆகிறது. காலையில் எழும்புகிறார், பெரட்டுக்கு நேரத்துக்குப் போகிறார். தேத்தண்ணி ஐந்துக்கு வந்திருக்கிறது, ஒவ்வொரு வாரமும் ஒரு கிளாஸாகத்தான் குறைத்தோம், சட்டென்று விட்டால் தலை இடிக்கும் என்பதால். நாடகத்தைப் பாதியில் விட்டுப் படுக்க வேண்டியிருக்கிறது என்று ஒரு குறை. சித்தி மறுநாள் காலையில் மீதிக் கதையைச் சொல்கிறாராம், ஐந்தாவது கிளாஸோடு.